பார்த்து, பார்த்து என்று மட்டும் சொல்லாதீர்கள்

நீலகிரியில் சுற்றுலா வேனும் டாக்சியும் ஓட்டும் அண்ணன்களுக்கு, தம்பிகளுக்கு, காட்சிமுனைகளில் நின்று இடம் காட்டும் வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். நான் குன்னூர்க்காரி. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதும் சத்தத்துக்குக் கண்விழித்து வளர்ந்தவள். திருப்பூரில் வாக்கப்பட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன வைகாசியில் விருதுநகரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தது. ஊட்டி, குன்னூர் பார்க்க வேண்டும் என்றார்கள். பதினாறு பேர், ஒரு டெம்போ டிராவலர். பிறந்த ஊருக்கே டூரிஸ்டாகப் போய் வந்தேன்.

என் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஆர்.பி. (ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா) என்கிற பரம்பரைக் கண்நோய். விழித்திரையில் ஓரத்துச் செல்கள் முதலில் அணையும். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டினால் இது வர வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா அழுதது தனிக்கதை. பதினைந்து வயதில் மாலை மங்கினால் தடுமாற ஆரம்பித்தேன். பிறகு பக்கப் பார்வை வருஷா வருஷம் சுருங்கியது. நடுவில் உள்ளது மட்டும் இன்னும் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அகலமான ஊதாங்குழலைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. எனக்கு ஒன்றரை முஷ்டி தெரியும். அதற்கு வெளியே நீங்கள் கிடையாது, உங்கள் வண்டி கிடையாது, காலுக்குக் கீழே உள்ள படியும் கிடையாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. பார்வை வட்டம் 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை. 40-க்குக் குறைந்து 10 வரை இருந்தால் குறைபார்வை. நான் இரண்டாவது கட்சி. அதனால்தான் செல்போனில் சின்ன எழுத்தை வாசித்துக்கொண்டே போய் ஸ்டூலில் இடித்துக்கொள்கிறேன். இதைப் பார்ப்பவர்களுக்கு நான் நடிப்பதாகத் தோன்றுகிறது.

இனி டால்பின் நோஸ், நம் குன்னூர்ப் பக்கத்துக் காட்சிமுனை.

அங்கே எதற்குப் போகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேத்தரின் அருவி. வேனை நிறுத்தியதும் ஓட்டுநர், "இருபது நிமிஷம், எல்லாரும் சீக்கிரம் வந்துருங்க" என்றார். கம்பி வேலிவரை நாத்தனார் கையைப் பிடித்துப் போய்விட்டேன். பிறகு ஆரம்பித்தது. "அதோ பாருங்கண்ணி!" "எங்கே?" "அதோ, அங்க, என் விரலைப் பாருங்க." விரலைப் பார்த்தேன், நன்றாகத் தெரிந்தது. மருதாணி வைத்திருந்தாள். விரல் காட்டும் திசையில் ஊதாங்குழலை நகர்த்தினால் பச்சை, பச்சை, பாறை, மறுபடி பச்சை. ஒன்றரை முஷ்டி அகலத்தில் ஒரு மலையைத் துழாவுவது, வைக்கோல் போரில் டார்ச் அடித்து ஊசி தேடுகிற வேலை. என் தலை ஒரு பக்கம் போனால் அருவி இன்னொரு பக்கம் இருந்திருக்கும். ஐந்து பேர் ஐந்து விரல் நீட்டினார்கள். பிறகு பாவம் பார்த்து, "சரி விடுங்கண்ணி, போட்டோல காட்டறேன்" என்றாள்.

பக்கத்தில் கேரட் விற்கிற ஒரு அம்மா இவ்வளவையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தழையோடு கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பார்களே, அந்தக் கடை. "கண்ணு, இந்தக் கம்பியப் புடி" என்றார். பிடித்தேன். "எதிர்த்தாப்ல மலையும் வானமும் சேர்ற கோடு தெரியுதா? அந்தக் கோட்டுலயே இடது கைப்பக்கமா மெதுவாப் போ. ஒரு எடத்துல கோடு கீழ எறங்கும். எறங்குச்சா? அங்கயே நில்லு. இப்ப நேராக் கீழ வா. வந்துக்கிட்டே இரு."

வந்தேன். கரும்பச்சைக்கு நடுவே வெள்ளை நூல். பாதி வழியில் ஒரு பாறையில் விழுந்து, உடைந்து, மறுபடி நூலாகிக் கீழே போயிற்று. விழுகிற தண்ணீர் அசைவது தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பார்த்த அதே அருவி. நாலு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ, கண்ணை எடுக்காமல் நின்றேன். எடுத்தால் மறுபடி தேட வேண்டும்.

அந்த அம்மா எங்கும் பயிற்சி எடுத்தவர் இல்லை. நான் எதைப் பார்க்கிறேனோ அங்கிருந்து ஆரம்பித்தார். பெரியதைப் பிடிக்கச் சொல்லி, அதிலிருந்து சின்னதுக்கு வழி சொன்னார். ஊரில் யாராவது வீட்டுக்கு வழி கேட்டால் சொல்வோமே, புளியமரத்துக்கிட்ட திரும்பு, பிள்ளையார் கோயில் தாண்டி மூணாவது வீடு என்று, அதே முறை. கண்ணுக்கும் வழி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

நான் லயித்து நின்றதில் இருபது நிமிஷம் தாண்டிவிட்டது. நாத்தனார் குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். நானாகவே நிறுத்துமிடத்துக்கு நடந்தேன். சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை. எல்லா வேனும் வெள்ளை, எல்லாவற்றிலும் நெற்றியில் சாமி பெயர். கதவு திறந்திருந்த ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உள்ளே இருட்டு. வெயிலிலிருந்து நிழலுக்குள் போனால் என் கண் பழக நாலைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பாட்டி, "சாப்டும்மா" என்று முறுக்கை நீட்டினார். வாங்கிக் கடித்தேன். நாத்தனார் மாமியார்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கதை பேச, அவரும் "ஆமாமா, ஆமாமா" என்று பதில் சொல்ல, கண் பழகியபிறகு பார்த்தால் முன்பின் தெரியாத ஒரு சிவகாசிக் குடும்பம்! பாட்டி அசரவே இல்லை. "எறங்குறப்ப இன்னொரு முறுக்கு எடுத்துக்கோ" என்றார்.

சிரிக்க வேண்டிய விஷயம், நானும் சிரித்தேன். எங்கள் வேனுக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் ஓட்டுநர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் நாத்தனாரிடம் கேட்டார்: "கண்ணு தெரியாதவங்கள ஏம்மா இந்த மாதிரி எடத்துக்குக் கூட்டிட்டு வர்றீங்க?" அடுத்த இடத்துக்குப் போகிற வழியில் நான் வாட்ஸப் பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்துவிட்டு, பக்கத்திலிருந்த உதவியாளிடம், "நல்லாத்தான் தெரியுதுபோல" என்றார். அவர் பெயரையோ வண்டிப் பெயரையோ எழுதப்போவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பதினாறு உயிரைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவந்தவர். காலை நாலு மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய களைப்பு வேறு. கோபம் அவர்மேல் இருந்தால் அன்றைக்கே இறங்கிக் கேட்டிருப்பேன்.

இப்படியும் நடக்க வேண்டியதில்லை என்பதை நான் வேறு இடத்தில் பார்த்துவிட்டேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் சுற்றுலா தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி சீட்டுப் பணத்தில் டிக்கெட் எடுத்துவிட்டார். கப்பலில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு வைத்த மங்கலான நடைபாதையில் எங்கள் அறையைக் கண்டுபிடிக்க, கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்தேன். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறும் தயிரும் போட்டால் தட்டு காலியா நிறைந்ததா என்று எனக்குத் தெரியாது. வாழையிலையில் இந்தத் தொந்தரவே கிடையாது. பச்சையில் வெள்ளை, பளிச்சென்று நிற்கும். நம் ஆட்கள் குறைபார்வைக்காரர்களை நினைத்து இலை போடவில்லை, ஆனாலும் எனக்கு அதைவிட நல்ல தட்டு இதுவரை கிடைக்கவில்லை.

கரைக்கு இறங்கும் சுற்றுலா வேறு விதம். திருகோணமலையில் இறங்குவதற்கு முந்தைய நாள் மாலையே மேசையில் ஒரு தாள் கொடுத்தார்கள். எத்தனை மணி நேரம், எவ்வளவு நடை, படி உண்டா, நிழல் உண்டா, கழிப்பறை எங்கே. அதைப் பார்த்துவிட்டு, போவதா கப்பலிலேயே இருப்பதா என்று நானே முடிவு செய்தேன். எனக்காக யாரும் முடிவு செய்யவில்லை. பேருந்துக்கு நம்பர், அதே நம்பர் ஒட்டிய வட்ட ஸ்டிக்கர் எங்கள் சட்டையில். கப்பல் கிளம்பும் நேரம் கெடு. அது உங்கள் இருபது நிமிஷத்தைவிடக் கண்டிப்பானது. கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதித்தால் காத்திருக்கும், தனியாக ஆட்டோ பிடித்துப் போனவர்களுக்குக் காத்திருக்காது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது ஒரு வசதி. கப்பல் கரையில் வெள்ளை மலைபோல் நிற்கும். கப்பலைத் தொலைக்க முடியாது. வேனைத்தான் தொலைக்கலாம்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது இருபத்தைந்து வயதுத் தம்பி. கோணேசர் கோயிலுக்கு மேலே ஏறும்போது என் மடக்குக் கோலைப் பார்த்தார். "அக்கா, உங்களுக்கு எவ்வளவு தெரியும்? எந்தப் பக்கம் நான் வரட்டும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு கேள்வி. முழங்கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். என்னைப் பிடித்து இழுக்கவில்லை. "இனி ஒன்பது படி, பிறகு சமதரை" என்பார். கடிகார முள் கணக்கில் திசை சொன்னார். மூக்குக்கு நேரே பன்னிரண்டு மணி, வலது காதுப்பக்கம் மூன்று மணி. "ரெண்டு மணியிலே பாருங்கோ அக்கா, மான் நிக்குது." கோட்டை வாசலைச் சுற்றி அங்கே புள்ளிமான் ஆடு மாதிரி திரியும். பார்த்தேன். இராவணன் வெட்டில் பாறையின் இரண்டு சுவருக்கு நடுவே கடல் தெரிகிற இடத்தையும் அவர் சொல்லிச் சொல்லித்தான் பிடித்தேன். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "எங்கட அம்மப்பாவுக்குக் கண் மங்கல் அக்கா, சின்னனிலேயே நான்தான் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறது" என்றார்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் தாத்தாவுக்குக் கண் மங்கல்! சர்க்கரை வந்து கண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், புரை முற்றியவர்கள், கண் அழுத்தம் வந்தவர்கள். உங்கள் வேனில் ஏறும் பதினாறு பேரில் ஒருவர் எப்போதும் இருப்பார். வெளியே சொல்ல மாட்டார். நானே குன்னூர் பஜாரில் மடக்குக் கோலை வெளியே எடுக்க மாட்டேன். சித்தப்பா யாராவது பார்த்துவிட்டால், "அந்தப் பொண்ணுக்கு முழுசா போயிருச்சாம்" என்று ஊர் பூராவும் சொல்வார் என்று பயம். திருகோணமலையில் எடுத்தேன், சொந்த ஊரில் எடுக்கவில்லை. இதில் என் தப்பும் இருக்கிறது.

2024 மே மாதத்திலிருந்து மலையேறும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கிறீர்கள். வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் என்று அதில் கேட்கிறார்கள். புக்கிங் வரும்போது நீங்களும் ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: "உங்கள்ல யாருக்காவது கண்ணு, முட்டி, மூச்சு ஏதாவது தொந்தரவு உண்டா?" கேட்டால்தான் சொல்வார்கள். அப்புறம் அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். நிறுத்துமிடத்தில் இறங்கும்போது வண்டி எந்தப் பக்கம், பக்கத்தில் என்ன கடை என்று ஒரு வரி சொல்லுங்கள். பக்கக் கண்ணாடியில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். உங்களுக்குக் காசு செலவு கிடையாது, எனக்கு முறுக்கு நஷ்டம். அவ்வளவே.

"பார்த்து" என்கிற வார்த்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிம்ஸ் பூங்காவில் இறங்கியதும் பத்துப் பேர், "பார்த்து, பார்த்து!" என்று கத்தினார்கள். அந்தப் பூங்கா 1874-இல் ஒரு பள்ளத்தாக்குச் சரிவில் போட்டது. வாசலிலிருந்தே இறக்கம்தான், வளைந்து வளைந்து படி. படியும் சாம்பல் கல், நடைபாதையும் சாம்பல் கல். வெயிலில் மர நிழல் விழுந்தால் எது படி ஓரம், எது நிழல் என்று பிரியாது. இந்த நேரத்தில் "பார்த்து" என்றால் நான் எதைப் பார்ப்பது? அக்கறையில்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த மூச்சிலேயே "படி, இறக்கம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வார்த்தை. ஏற்றமா இறக்கமா என்பது முக்கியம். அது தெரியாமல் வைக்கிற கால்தான் பிசகும். தோட்டக்கலைத் துறையில் யாராவது இதை வாசித்தால், படி ஓரங்களில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துத் தர முடியுமா என்று பாருங்கள்.

சாம்பலில் சாம்பல் எவ்வளவு கொடுமையோ, அதற்கு நேர் எதிரான ஒன்று அன்றைக்கு மாலை கையில் கிடைத்தது. தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வை. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்பும். துணிக்கு மரச்சட்டம் மாட்டுவதில்லை, கோடு வரைவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி ஊசி போடுவார்கள், மந்து என்கிற தோடர் குடியிருப்புப் பெண்கள். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கடையில் குழல்விளக்கு அழுதுகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்திலும் கறுப்புக் கோடு ஒவ்வொன்றும் தனித்தனியே நின்றது. விரலால் தடவினால் மேடு தட்டியது. கண் எண்ணிய கோட்டை விரலும் எண்ணிச் சரிபார்த்தது. கடைக்காரப் பெண் அவசரப்படுத்தவில்லை. வேன் ஹாரன் அடித்தது. ஏனென்றால் அதற்கு முன் சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் போயிருந்தது! அருவிக்கு இருபது நிமிஷம், சாக்லேட்டுக்கு முக்கால் மணி. இந்தக் கணக்கின் காரணம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்கள் வரும்படியில் நான் கை வைக்கவில்லை. அந்த முக்கால் மணியில் பத்தை மட்டும் அருவிப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

இன்னொரு வகை அன்பும் உண்டு. "உங்களுக்கு வாசனையே போதும்க்கா, தைலக் கடைக்குப் போலாம்" என்றான் ஒரு உதவியாள் தம்பி. நல்ல பிள்ளை. யூகலிப்டஸ் வாசம் எனக்கும் பிடிக்கும். லாம்ஸ் ராக் காட்டுப்பாதையில் சீகாரப் பூங்குருவி சீழ்க்கை அடித்தபோது எல்லாருக்கும் முன்னால் நான்தான் நின்றேன். ஆனால் மிச்சம் இருக்கிற பார்வையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காதாலும் மூக்காலும் மட்டும் ஊட்டியைப் பார் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். டாக்டர் தேதி சொல்லவில்லை, ஆனாலும் இந்த ஒன்றரை முஷ்டி ஒரு நாள் ஒரு முஷ்டி ஆகும். இருக்கிறபோதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டபெட்டாவில் அன்று ஒரு கூத்து. 2637 மீட்டர் உச்சி, மூடுபனி இறங்கி ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் இல்லை. தொலைநோக்கி வீட்டில் வரிசையில் நின்று காசு கொடுத்தவர்கள் எல்லாம் "ஒண்ணுமே தெரியல" என்று புலம்பிக்கொண்டு இறங்கினார்கள். நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, படி எங்க இருக்கு, விழுந்துருவேன்போல" என்றாள். கோலை எடுத்து விரித்தேன். ஏழு பேர் வரிசையாக என் பின்னால் இறங்கினார்கள். எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

உங்களுக்குப் போட்டியாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், எனக்கு மலையில் பிடித்த வண்டி ரயில்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைவரை 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நாத்தனார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது சலிப்பு. எனக்கு அந்த வேகம்தான் சரி. கல்லாறில் பல்சக்கரம் தண்டவாளத்துப் பல்லைக் கடித்தபிறகு வண்டி நடக்கிறது என்றே சொல்லலாம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும், புகை முகத்தில் அடிக்காது. ஒரு பாறையைக் கண்ணில் பிடித்தால், அதன் இடுக்கில் வழிகிற தண்ணீர், தண்ணீருக்குப் பக்கத்தில் பெரணி, பெரணிமேல் குரங்குக் குட்டி என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க நேரம் இருக்கும். குகை வந்தால் எனக்கு முழு இருட்டு. மொத்தம் பதினாறு குகை. பிள்ளைகள் "ஓ" என்று கத்துவார்கள். வெளியே வந்தபின் அவர்களுக்கு உடனே தெரியும், எனக்குக் கொஞ்சம் கழித்து. ஹில்குரோவில் வண்டி நின்று தண்ணீர் பிடிக்கும்போது டீ குடித்துக்கொண்டே கண்ணைப் பழக்கிக்கொள்வேன்.

தை மாதம் மறுபடி வருகிறோம். இந்த முறை நானும் வீட்டுக்காரரும் மட்டும். உறைபனிக் காலம், வானம் தெளிவாக இருக்கும். காலையில் புல்மேல் வெள்ளை பூத்திருப்பதில் வெயில் பட்டால் கண் கூசும் என்பதால் விளிம்பு வைத்த தொப்பி போட்டிருப்பேன். கோலை இந்த முறை குன்னூரிலும் பையிலிருந்து எடுத்துவிடுவேன், சித்தப்பா பார்த்தாலும் பார்க்கட்டும். டால்பின் நோஸில் கேரட் அம்மாவுக்கு ஒரு கட்டு திருப்பூர் பனியன் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே மட்டும் அரை மணி நேரம் வேண்டும்.

நிறுத்துமிடத்தில் சிவப்புத் துண்டு கட்டிய வண்டி எதுவோ, அதில் ஏறிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெட்போர்டுக்குக் கீழே பிறந்த ஒரு குன்னூர்க்காரி